விட்டுவந்த டம்ளர்கள்

கயல்விழியின் போன் வந்தபோது காளியாத்தாள் சரவணம்பட்டியில் ஒரு லேடீஸ் ஹாஸ்டல் சமையல்கட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் ஏற்கெனவே தண்ணீர் நின்றதால், போனைக் கேட்டு அவள் அழுதாளா இல்லையா என்பதைப் பக்கத்தில் நின்ற மாஸ்டரால் கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை.

“அக்கா, நான் கயல்விழி பேசறனுங்க. வைண்டிங் சூப்பர்வைசர். முதலாளி உங்களை ஒரு எட்டு வந்துட்டுப் போகச் சொன்னாருங்க.”

“எந்த முதலாளிங்க அம்மணி?”

எந்த முதலாளி என்று அவளுக்குத் தெரியாதா என்ன? ஆவாரம்பாளையத்தில் நஞ்சுண்டனின் பம்ப் கம்பெனியில் ஒன்பது வருஷம் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் போட்டவள். அந்த வாசலிலிருந்து நாலு வருஷமாக ஒரு வார்த்தை வரவில்லை. அதற்கெல்லாம் சேர்த்து ஒரு கேள்வியாவது கேட்க வேண்டாமா? கேட்டாள். அவளுடைய கோபம் அவ்வளவுதான். அதற்கு மேல் கோபப்பட அவளுக்கு வராது. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை வந்தது. அதுவும் போகக்கூடாத இடத்துக்குப் போய்விட்டது.

“நாளைக்குப் பொழுதோட வாரேனுங்க” என்றாள்.

அன்றைக்கு வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் அவள் மனசு ஒரே வார்த்தையைச் சுற்றிக்கொண்டிருந்தது. பர்மனென்ட். ஒன்பது வருஷமும் அவள் அந்தக் கம்பெனியில் டெம்ப்ரரிதான். அவளுடைய வீட்டுக்காரர் சோமனூரில் விசைத்தறி ஓட்டி, பஞ்சுத் தூசியைத் தின்று தின்று, இப்போது ராத்திரியெல்லாம் இருமுகிறவர். அந்தக் கம்பெனியில் பர்மனென்ட் ஆனவர்களுக்குத்தான் ஈ.எஸ்.ஐ. கார்டு. பெரிய ஆஸ்பத்திரியில் அவரைக் காட்டலாம். அவள் கேட்டது அதிகம் ஒன்றும் இல்லை. ஆனால் இந்த ஊரில் அந்த ஒரு வார்த்தையைக் கேட்டுவிட்டு எத்தனை பேர் தலை நரைத்துப் போனார்கள் என்று எண்ணினால் ஒரு டவுன் பஸ் போதாது.

அந்தக் கம்பெனியில் டெம்ப்ரரி என்றால் என்ன என்று தெரிந்தால்தான் பிரேக் என்றால் என்ன என்று புரியும். இத்தனை மாசம் தொடர்ந்து ஒருத்தரை வேலைக்கு வைத்தால் அவரை நிரந்தரம் செய்ய வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறதாம். சட்டம் போட்டவர்கள் நல்லவர்கள்தான். ஆனால் அதைப் படிக்கிறவர்கள் அவர்களைவிடக் கெட்டிக்காரர்கள். அந்தக் கெடு முடிவதற்குச் சில நாள் முன்னால் கயல்விழி வந்து, “அக்காங்களா, நாளையிலருந்து உங்களுக்குப் பிரேக்குங்க” என்பாள். பத்துப் பன்னிரண்டு நாள் வீட்டில் இருக்க வேண்டும். சம்பளம் கிடையாது. பிறகு போன் வரும். போனால் புது ஆளாகச் சேர்த்துக்கொள்வார்கள். ஒன்பது வருஷம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து வேலை பார்த்த காளியாத்தாள், கம்பெனியின் கணக்கில் அத்தனை தடவை புதுசாக வந்து சேர்ந்திருக்கிறாள்.

இதில் அழுவதற்கு நியாயம் இருக்கிறது. ஆனால் அவளும் அவளோடு காயில் போட்ட ஏழு பேருமாக அந்த எட்டுப் பெண்கள் அழவில்லை. வைண்டிங் ஹாலில் ஒன்றாகச் சேர்ந்தவர்கள் என்பதால் எட்டுப் பேருக்கும் ஒட்டுக்காகத்தான் பிரேக் வரும். முதல் தடவை வீட்டில் முடங்கிக் கிடந்தார்கள். இரண்டாம் தடவை கரும்புக்கடையிலிருந்து வருகிற உம்மல் குல்சும்தான் அந்த யோசனையைச் சொன்னாள்.

“காளிக்கா, பர்மனென்ட்காரங்களுக்குத் தீபாவளி, பொங்கல்னு லீவு இருக்குது. நமக்கு ஆண்டவன் பிரேக்குன்னு ஒண்ணு குடுத்திருக்கான். எங்கியாச்சும் போலாமே.”

குல்சுமுக்குக் காளியாத்தாளைவிட அஞ்சாறு வயசு குறைவு. வாய் மட்டும் நாலு வயசு அதிகம். மோட்டாரின் இரும்பு வளையமான ஸ்டேட்டரின் ஸ்லாட்டில் செம்புக் கம்பியை இறக்கும்போது அவள் கை ஒரு பக்கம் ஓடும், வாய் ஒரு பக்கம் ஓடும். இரண்டிலும் சிக்கு விழாது. அவள் வீட்டுக்காரர் அப்துல் வஹீது கிரைண்டர் ரிப்பேர் செய்கிறவர். வீட்டில் பேச வாய்ப்பே இல்லை, அந்த மனுசன் கிரைண்டர் சத்தத்தில் பாதிக் காதை விட்டுவிட்டார், அதனால்தான் கம்பெனியில் வந்து பேசித் தீர்க்கிறேன் என்பாள்.

அப்படித்தான் பிரேக் என்றால் ஊர் சுற்றுவது என்று ஆயிற்று. ஒரு தடவை பவானிக்குப் போனார்கள். மற்றவர்கள் கூடுதுறையில் முங்கி எழுந்தபோது குல்சும் படியில் உட்கார்ந்து காலை மட்டும் தண்ணீரில் விட்டுக்கொண்டு எல்லோருடைய செருப்புக்கும் காவல் இருந்தாள். திரும்பும்போது கடைவீதியில் எட்டுப் பேரும் காசு போட்டு ஒரு ஜமுக்காளம் வாங்கினார்கள். சிவப்பும் பச்சையும் பட்டை பட்டையாக, எட்டுப் பேர் தாராளமாக உட்காரலாம். முறை வைத்து ஒவ்வொருத்தி வீட்டில் அது இருக்கும். அடுத்த பிரேக் வந்ததும் அதை மடித்துப் பையில் வைப்பாள் ஒருத்தி, அரிசிம்பருப்புச் சோறு கட்டுவாள் இன்னொருத்தி, குல்சும் எட்டுப் பேருக்கும் சேர்த்து முட்டை அவித்துக்கொண்டு வருவாள். சம்பளம் இல்லாத நாட்களில் இவர்கள் தின்ற அளவுக்குச் சம்பள நாளில் தின்றதில்லை.

இன்னொரு வழக்கமும் அந்த ஹாலில் இருந்தது. பர்மனென்ட் ஆட்களுக்குக் கேன்டீனில் கம்பெனி பெயர் பொறித்த டம்ளர் உண்டு. டெம்ப்ரரிகளுக்கு டீ பெஞ்சுக்கே வரும். டம்ளர் அவரவர் கொண்டுவர வேண்டும். எட்டு டம்ளரும் சுவரோரம் இருந்த இரும்பு ரேக்கில் கவிழ்த்து வைத்திருக்கும். ஒரு சமயம் பிரேக்கில் போனபோது ஒருத்தி டம்ளரைத் துடைத்து வீட்டுக்கு எடுத்துப் போனாள். அவள் திரும்பி வரவில்லை, அவள் பெஞ்சுக்கு வேறொருத்தி வந்தாள். உண்மையில் அவள் மாமியாரோடு திருப்பூருக்குக் குடி போய்விட்டாள், கூப்பிட்ட போனை எடுக்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் காரணம் யாருக்கு வேண்டும்? அன்றிலிருந்து பிரேக் என்றால் டம்ளரை ரேக்கில் விட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவது. டம்ளர் இங்கே இருந்தால் ஆள் திரும்பி வருவாள். அந்த எட்டுப் பேரும் இதைச் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். ஆனால் ஒருத்தியும் மீற மாட்டாள்.

காளியாத்தாளுக்கு அந்த நாட்களில் பிடித்தது எது என்று கேட்டால் தொண்டாமுத்தூர்க் கதையைத்தான் சொல்லுவாள். கோவைக் குற்றாலத்துக்கு என்று கிளம்பிய நாள் அது. யானை நடமாட்டம், அருவிக்கு விடவில்லை என்று பஸ்ஸிலேயே சொல்லிவிட்டார்கள். வந்ததற்கு எங்காவது உட்கார்ந்து சோற்றையாவது தின்னலாம் என்று தொண்டாமுத்தூர்ப் பக்கம் இறங்கி இரண்டு பக்கமும் வேலி போட்ட ஒரு இட்டேரியில் நடந்தார்கள். ஒரு தென்னந்தோப்புக் காவல்காரர் கையை வீசிக் கத்தினார்.

“ஏனுங்க, ராத்திரி ஆனை பூந்த எடமுங்க. வழீல நிக்காதீங்க, உள்ள வாங்க.”

போனார்கள். நாலைந்து தென்னைகள் சாய்ந்து கிடந்தன. நிழல் பார்த்து ஜமுக்காளத்தை விரித்துச் சோற்றைப் பிரித்த நேரத்தில் ஒரு ஜீப் வந்து நின்றது. இறங்கியவர் நஞ்சுண்டன். தோப்பு அவருடையது. யானை சாய்த்த மரங்களைப் பார்க்க வந்தவர், தான் நேற்று வேலையை விட்டு நிறுத்திய எட்டுப் பேரும் தன்னுடைய தோப்பில் முட்டை தின்றுகொண்டிருப்பதைப் பார்த்தார்.

எட்டுப் பேரும் எழுந்து நின்றார்கள். 

“ஏனுங்க அம்மணிகளா, இங்கெங்க?”

“பிரேக்குங்க முதலாளி” என்றாள் குல்சும். “நீங்கதானுங்க உட்டீங்க.”

மற்ற ஏழு பேரும் கையில் இருந்த முட்டையை முந்தானைக்குள் மறைத்தார்கள். நஞ்சுண்டன் சாய்ந்த மரத்தைப் பார்த்தார், ஜமுக்காளத்தைப் பார்த்தார், கடைசியில் காவல்காரரைப் பார்த்து, “எல்லாத்துக்கும் இளநி வெட்டிக் குடுப்பா” என்றார். வெட்டியதை ஊற்றிக் குடிக்க டம்ளர் இல்லை. டம்ளர் எங்கே என்று அவர் கேட்க, குல்சும் ஒளிக்காமல் ரேக் கதையைச் சொல்லிவிட்டாள். நஞ்சுண்டன் சிரித்தார். சிரித்துவிட்டு, அவரும் ஒரு காயைத் தூக்கி அப்படியே குடித்தார். சட்டையெல்லாம் இளநீர். முதலாளி என்று ஒருவர் அவர்களோடு நின்று எதையாவது குடித்தது அந்த ஒரு நாள்தான். அதற்காக அடுத்த பிரேக் வராமல் போகவில்லை. கெடு வந்ததும் பிரேக்கும் வந்தது.

கடைசிப் பிரேக் கொஞ்சம் முந்தி வந்தது. கொரோனா வந்த வருஷம், மார்ச் மாசம். ஆர்டர் குறைவு, அதனால் இந்தத் தடவை கெடுவுக்கு முன்னாலேயே என்றாள் கயல்விழி. எட்டுப் பேரும் எங்கே போவது என்று பேசிக்கொண்டே ரேக் பக்கம் போனார்கள். குல்சும் தன் டம்ளரைத் துடைத்துப் பைக்குள் போட்டாள்.

“ஏ குல்சு, என்ன பண்றே? வெச்சுட்டுப் போ.”

“இவரு பக்கத்து ஒறம்பரை ஊட்டுக்கு வாராங்கக்கா. டம்ளர் பத்தாது. ஒரு டம்ளரு, அதுல என்ன இருக்குது?”

காளியாத்தாள் அப்போதும் ஒரு மாதிரிதான் பார்த்தாள். பிறகு ஊரடங்கு வந்தது. பத்து நாள், ஒரு மாசம், மூணு மாசம். போன் வரவில்லை. ஊரே பூட்டிக் கிடந்தது, உலகமே பூட்டிக் கிடந்தது. இதற்கும் ஒரு எவர்சில்வர் டம்ளருக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை. ஆனால் வீட்டில் இருமல் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, அரிசிப் பானையின் அடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளுக்கு யாரையாவது பிடித்துக் கேட்க வேண்டியிருந்தது. உலகத்தை எங்கே போய்ப் பிடிப்பது?

அந்த நேரம் பார்த்துக் குல்சும் போன் செய்தாள். “காளிக்கா, எங்க ஜமாத்துல அரிசி குடுக்கறாங்க. உனக்கு ஒரு பை வாங்கி வெச்சிருக்கேன். இவரு வண்டீல வந்து குடுத்துட்டுப் போவாரு.”

காளியாத்தாள் வாயைத் திறந்தாள். “உன்ற அரிசி எனக்கு எதுக்கு? உன்ற டம்ளராலதான எல்லாம் வந்துச்சு. ஒரு டம்ளர உட்டுட்டுப் போக மனசில்ல உனக்கு. எட்டுப் பேரு சோத்துல மண்ணப் போட்டுட்டு அரிசி குடுக்கறியா?”

 நாலு வயசு அதிகமான அந்த வாய் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை. போன் நின்றது. மறுநாள் அப்துல் வஹீது வண்டியில் வந்து அரிசிப் பையை வாசலில் வைத்துவிட்டு, கதவைக்கூடத் தட்டாமல் போனார். காளியாத்தாள் அந்த அரிசியைத்தான் பொங்கினாள். தின்ற ஒவ்வொரு வாய்க்கும் வெட்கப்பட்டாள். பேசுவதற்கு மட்டும் வாய் வரவில்லை. நாளை பேசலாம் என்று தள்ளி, ஒரு மாசமாகி, ஒரு வருஷமாகி, பிறகு எந்த முகத்தோடு பேசுவது என்று ஆகிவிட்டது.

இத்தனையையும் நினைத்துக்கொண்டுதான் மறுநாள் பொழுது சாய்கிற நேரத்தில் கம்பெனிக்குள் நுழைந்தாள். வாசலிலேயே வார்னிஷ் வாசனை. காயில் போட்டு முடித்த ஸ்டேட்டரை வார்னிஷில் முக்கி அடுப்பில் காய வைப்பார்கள்; தலையைச் சுற்ற வைக்கிற அந்த வாசனைக்குக் காளியாத்தாள் மூச்சை நன்றாக உள்ளே இழுத்தாள். மல்லிகைப் பூவைக்கூட அவள் அப்படி மோந்ததில்லை.

நஞ்சுண்டன் இளைத்துப் போயிருந்தார். பக்கத்தில் மகன் கிருபாசங்கர். இப்போது நிர்வாகம் மகன் கையில்.

“வாங்க அம்மணி, உக்காருங்க. ஊட்ல சௌக்கியங்களா?” என்றார் பெரியவர்.

கிருபாசங்கர் நேராக விஷயத்துக்கு வந்தான். நல்ல பையன்தான். எதையும் மறைத்துப் பேசத் தெரியாதவன். “அக்கா, அந்த நேரத்துல டெம்ப்ரரி ஆளுங்களை நிறுத்தினதாலதானுங்க கம்பெனி தப்பிச்சுது. எதுத்தாப்பல இருந்த கம்பெனில அத்தனை பேரும் பர்மனென்ட். உக்கார வெச்சே சம்பளம் குடுத்தாங்க. அந்த வருசக் கடைசீல பூட்டிட்டாங்க.”

மழை பெய்தது, ஆறு நிறைந்தது என்பது போலச் சொன்னான். காளியாத்தாள் அதை மனசுக்குள் திருப்பிப் பார்த்தாள். எதிர் கம்பெனிக்காரர்கள் யாரையும் விடவில்லை, கடைசியில் எல்லோருக்கும் வேலை போனது. இந்தக் கம்பெனிக்காரர்கள் எட்டுப் பேரை விட்டார்கள், கம்பெனி நின்றது. அப்படியானால் இந்தக் கட்டடம் நிற்பதில் தான் பட்டினி கிடந்ததற்கும் ஒரு பங்கு இருக்கிறது. அதை யாரும் எந்தச் சுவரிலும் எழுதி வைக்கவில்லை.

“பாதியத்தான் சொல்றே. மீதியும் சொல்லு” என்றார் நஞ்சுண்டன்.

சொல்லிவிட்டு அவரே தொடர்ந்தார். “அதுக்கப்புறம் ஆர்டர் வந்துச்சுங்க. நெறைய வந்துச்சு. காயில் போட ஆளில்ல. உங்களைக் கூப்புடலாம்னா நாங்க கூப்புடாம உட்ட வெக்கம் எங்களுக்கு. புது ஆளுங்களை வெச்சு ஓட்டினோம். போன மோட்டாரெல்லாம் கருகிக் கருகித் திரும்பி வந்துச்சு. கேரண்டீல மாத்திக் குடுத்தே மாளல. பழைய டீலரெல்லாம் போயிட்டாங்க. உங்களை நிறுத்தி மிச்சம் புடிச்சதுக்கு மேல அதுல போச்சுங்க. தோப்பை வித்துத்தான் கரையேறினோம்.”

“எந்தத் தோப்புங்க?”

“நீங்க எளநி குடிச்ச தோப்புதானுங்க.”

காளியாத்தாளுக்கு அவர் மேல் இருந்த வருத்தம் அந்த இடத்தில் கொஞ்சம் இளகிவிட்டது. அவரும் ஒன்றை விட்டுவிட்டு வந்திருக்கிறார். கிருபாசங்கர் முடித்தான். “உங்களைப் பர்மனென்ட் பண்றோமுங்க்கா. புதுசா எட்டுப் பொண்ணுங்க இருக்கறாங்க. நீங்க பக்கத்துல இருந்து பாத்துக்கோணும்.”

ஒன்பது வருஷமாகக் கேட்டு நின்ற வார்த்தை இவ்வளவு சின்னதாக இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை. கண்ணைத் துடைத்தாள். பக்கத்தில் வெங்காயம் இல்லாததால் இந்தத் தடவை எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

“குல்சுமையும் சேத்திக்கலாமுங்களா?” என்று கேட்டாள்.

“இப்பத்திக்கு ஒருத்தருக்குத்தானுங்க முடியும்.”

ஹாலுக்குப் போய்ப் பார்த்தாள். அதே பெஞ்சு. அதே ரேக். ஆனால் ரேக்கில் அட்டைப் பெட்டிகள். டம்ளர்கள் எங்கே என்று கயல்விழியைக் கேட்டாள்.

“அதுங்களா? ரெண்டு வருசம் அப்படியேதானுங்க இருந்துச்சு. முதலாளி இந்தப் பக்கம் வந்தா அதைப் பாத்துட்டு உடனே திரும்பிப் போயிருவாருங்க. அப்புறம் சின்ன முதலாளி ஹாலைக் கிளீன் பண்ணும்போது பழைய இரும்போட காயலான் கடைக்குப் போயிருச்சுங்க.”

ஏழு டம்ளர். காளியாத்தாளுடையது அவள் அம்மா கல்யாணத்துக்குக் கொடுத்தது, பெயர் வெட்டியது. திரும்பிக் கூப்பிடுவார்கள் என்று வைத்தவை அத்தனையும் பழைய இரும்போடு எடைக்குப் போயிருக்கின்றன. அவளுக்கு நெஞ்சு எரிந்தது. எட்டாவது டம்ளரைப் பற்றி அப்போது அவளுக்கு நினைப்பு வரவில்லை.

வேலையில் சேர்ந்தாள். ஈ.எஸ்.ஐ. கார்டு வந்தது. வீட்டுக்காரரைக் கூட்டிப்போய்க் காட்டினாள். மருந்து சாப்பிட்டு அவர் ராத்திரி கொஞ்சம் தூங்க ஆரம்பித்தார். கேன்டீனில் கம்பெனி பெயர் போட்ட டம்ளரில் டீ குடித்தாள். பர்மனென்ட் ஆட்கள் டீ குடிக்கும்போது அதிகம் பேசுவதில்லை, வட்டிக்கும் வீட்டுக் கடனுக்கும் நடுவில் டீ ஆறிப் போகும். இரண்டாம் வாரமே அவள் டம்ளரைத் தூக்கிக்கொண்டு வைண்டிங் ஹாலுக்கு வந்துவிட்டாள். புதுப் பெண்கள் பெஞ்சில் இருந்தே குடித்தார்கள். லோகப்பிரியா, ரித்திகா என்று பேர்கள்தான் புதுசு; சிரிப்பு பழையது. அவர்களுக்கு அவள் பவானிக் கதை சொன்னாள், தோப்புக் கதை சொன்னாள், ரேக்கில் டம்ளர் வைத்த கதையும் சொன்னாள். குல்சும் பேசுவது போலவே பேசிக் காட்டினாள். “அந்தக்கா இப்ப எங்கீங்க?” என்று ரித்திகா கேட்ட அன்று மட்டும், வார்னிஷ் அடுப்பைப் பார்க்கப் போவது போல எழுந்து போய்விட்டாள்.

கரும்புக்கடைக்குப் போகிற பஸ் தினமும் அவள் முன்னால்தான் போயிற்று. கார்டு கிடைத்தது, பெஞ்சு கிடைத்தது. இவற்றையெல்லாம் யாரிடம் முதலில் சொல்லியிருக்க வேண்டுமோ அவளிடம் சொல்லாததால் எதுவும் முழுசாகக் கிடைத்த மாதிரி இல்லை.

மாசங்கள் ஓடின. ஒரு நாள் கயல்விழி வந்து காதோரம் சொன்னாள். “அக்கா, பொண்ணுங்களுக்குக் கெடு வருதுங்க. நாளையிலருந்து பிரேக். நீங்க சொல்லிருங்களேன். நீங்க சொன்னா சங்கடப்பட மாட்டாங்க.”

காளியாத்தாள் அவளையே பார்த்தாள். கயல்விழி தலையைக் குனிந்துகொண்டாள். பாவம், அவளும் இத்தனை வருஷம் இதைச் சொல்லிச் சொல்லி அலுத்திருப்பாள்.

சொல்ல வேண்டியதைச் சொன்னாள். சொல்லிவிட்டு அவர்கள் முகம் வாடும் என்று பார்த்தாள். ஆனால் அந்தப் பிள்ளைகள் குதித்தார்கள். பவானிக்கே போகலாம் என்றாள் ஒருத்தி; அக்கா சொன்ன அந்தக் கூடுதுறைப் படியில் உட்காரலாம் என்றாள் இன்னொருத்தி. பையைத் தூக்கிக் கிளம்பியவர்கள் வரிசையாக ரேக்குக்குப் போய் அட்டைப் பெட்டிகளை ஒதுக்கிவிட்டு டம்ளரைக் கவிழ்த்து வைத்தார்கள். பார்த்துக்கொண்டே நின்ற காளியாத்தாள் ரேக்குக்கு ஓடினாள். அவள் சொன்னது வெறும் கதை. அதை இவர்கள் நம்பிக்கையாக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

“எடுங்க கண்ணு, எல்லாரும் எடுங்க” என்றாள்.

“வெச்சுட்டுப் போனாத்தான கூப்புடுவாங்கன்னு நீங்கதானுங்க்கா சொன்னீங்க?” என்றாள் லோகப்பிரியா.

“சொன்னேன். நாங்க ஏழு பேரு வெச்சுட்டுத்தான் போனோம்.”  அவளே ஒவ்வொரு டம்ளராக எடுத்து, முந்தானையில் துடைத்து, ஒவ்வொரு பையிலும் போட்டாள்.

அவர்கள் போன பிறகு ஹாலில் அவள் ஒருத்திதான். எட்டுப் பெஞ்சும் காலி. இத்தனை வருஷமும் பிரேக் நாட்களில் இந்த ஹால் எப்படி இருக்கும் என்று அவள் பார்த்ததே இல்லை. அந்த எட்டுப் பேரும் ஆற்றங்கரையில் சிரித்துக்கொண்டிருந்த நேரத்தில் இது இப்படித்தான் சத்தமில்லாமல் கிடந்திருக்கிறது. அந்த நாட்களை நினைத்து அவளுக்கு ஏக்கம் வந்தது. சம்பளமில்லாமல் விரட்டிவிட்ட நாட்களுக்குப் போய் ஏங்குகிறோமே என்று தன் மேலேயே சிரிப்பும் வந்தது. பர்மனென்ட் ஆனவளுக்குப் பிரேக் கிடையாது. ஆனால் லீவு உண்டு. அதுவும் சம்பளத்தோடு.

நேராகக் கிருபாசங்கர் அறைக்குப் போனாள்.

“தம்பி, நாளைக்கு எனக்கு லீவு வேணுமுங்க.”

“எடுத்துக்குங்க்கா. என்ன விசேசமுங்க?”

“பிரேக்குங்க.”

அவன் சிரித்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நஞ்சுண்டன் சிரிக்கவில்லை. பிறகு மகனும் சிரிப்பை நிறுத்தி, சரி என்று தலையை ஆட்டினான்.

வெளியே வந்து, வாட்ச்மேன் கொட்டகை நிழலில் நின்று, நாலு வருஷமாக அழிக்காமல் வைத்திருந்த நம்பரைத் தேடி அழுத்தினாள். மணி அடித்தது. எடுக்க மாட்டாளோ என்று நினைத்த நேரத்தில் எடுத்தாள். பின்னால் கிரைண்டர் ஓடுகிற சத்தம்.

“குல்சு.”

 கிரைண்டர் சத்தம் நின்றது. யாரோ சுவிட்சை அணைத்திருக்கிறார்கள்.

“நான் காளி பேசறேன். அன்னிக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது குல்சு. உன்ற அரிசியத்தான் தின்னேன். தின்னுட்டும் உங்கிட்டப் பேசாம இருந்துபோட்டேன்.”

 காளியாத்தாள் நிறுத்தினால் அழுதுவிடுவோம் என்று பேசிக்கொண்டே போனாள். “கம்பெனில கூப்புட்டு என்னையப் பர்மனென்ட் பண்ணிட்டாங்க. உன்னையும் கேட்டேன், முடியாதுன்னுட்டாங்க. நாளைக்கு லீவு சொல்லியிருக்கேன். பவானிக்குப் போலாமா? ஜமுக்காளம் என்ற ஊட்லதான் இருக்குது, வெய்யல்ல போட்டு எடுத்தாச் செரியாயிரும். சோறும் கட்டிக்கறேன். டம்ளர்தான் இல்ல. நாங்க உட்டுட்டு வந்ததெல்லாம் காயலான் கடைக்குப் போயிருச்சாம். ஒண்ணுகூட மிஞ்சல.”

குல்சும் பேசினாள். குரல் கம்மியிருந்தது.

“என்றது இருக்குதுக்கா. ரெண்டு பேருக்கும் அது போதும்.”